வாரச் சம்பளத்தில் மளிகை: நாலு பேருக்கு ஆயிரம் ரூபாயை ஏழு நாள் ஓட்டும் முறை

திருப்பூர்ப் பக்கம் லைன் வீடுகளுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் மளிகைச் செலவில் தடுமாறுவதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். விலைவாசி ஒரு காரணம், அதை மறுக்க முடியாது. ஆனால் அதே ஆயிரம் ரூபாய் பக்கத்து வீட்டில் வெள்ளிக்கிழமை வரை வருகிறது, இவர்களிடம் புதன்கிழமையே தீர்ந்துவிடுகிறது. வித்தியாசம் வாங்கும் வரிசையில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வந்ததும் காய், கறி, பலகாரம் என்று ஆரம்பித்து, மிச்சமிருக்கும் காசுக்குப் பருப்பு கால் கிலோ, எண்ணெய் சின்னப் பாக்கெட் என்று முடிப்பார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

கீழே உள்ள கணக்கு, பெரியவர்கள் இரண்டு பேர், அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர், அரிசி வாங்கும் குடும்ப அட்டை, வாரம் 1,000 ரூபாய், ஃபிரிட்ஜ் கிடையாது என்று வைத்துப் போட்டது. வாடகை, கேஸ், சோப்பு எதுவும் இதில் சேராது. விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். வரிசை மாறாது.

1. பணத்தை எண்ணும் முன் வேளையை எண்ணுங்கள்

நாலு பேர், மூன்று வேளை, ஏழு நாள்: 84 வேளைச் சாப்பாடு. யாரிடம் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் இதுதான் அடிப்படை. அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு உண்டு, மதியம் சத்துணவு முட்டையோடு உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு ஐந்து நாளில் 20 வேளை பள்ளியிலேயே கழிந்துவிடும். ஆக நீங்கள் சமைக்க வேண்டியது 64 வேளை.

இதை எண்ணாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், காலையில் பிள்ளைகளுக்கும் சேர்த்து இட்லி ஊற்றிவிட்டு, அவர்கள் பள்ளியில் சாப்பிட்டு வந்ததும் மீந்த இட்லியை மாட்டுக்குப் போடுகிறார்கள். பள்ளிச் சாப்பாட்டை நம்பலாமா என்ற தயக்கம் இருந்தால் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு இடத்திலும் சமைப்பது மட்டும் வேண்டாம்.

மே மாதம் இந்தக் கணக்கு அப்படியே 84க்கு ஏறிவிடும். கோடை விடுமுறையில் "என்னமோ தெரியலை, பணம் பத்த மாட்டேங்குது" என்று சொல்வதன் காரணம் அதுதான். ஏப்ரலிலேயே ஒரு 200, 300 ரூபாய்க்குப் பயறு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

2. கடைக்குப் போகும் முன் வீட்டில் இருக்க வேண்டியவை

இறுக்கமாக மூடும் டப்பாக்கள், ஒரு குக்கர், கொக்கி போட்ட சின்னக் கைத்தராசு, ஒரு நோட்டு. இவ்வளவுதான்.

டப்பா இல்லாமல் மொத்தமாக வாங்காதீர்கள். பிளாஸ்டிக் கவரை முடிச்சுப் போட்டு வைத்த இரண்டு கிலோ பயறு ஆடி மாதத்துக்குள் வண்டு வைத்து மாவாகிவிடும். கிலோவுக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடித்து, அரைக் கிலோவைக் குப்பையில் கொட்டுவதில் லாபம் கிடையாது. பழைய பிஸ்கட் டின் போதும். கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உள்ளே காய்ந்த வேப்பிலை கொஞ்சம், இரண்டு வரமிளகாய் போட்டு வையுங்கள். முழுப் பயறாக இருந்தால் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைக்கலாம்.

கைத்தராசு எதற்கு என்று கேட்பார்கள். சந்தையில் கூறு கட்டி விற்கும் காய்க்குத்தான். இருபது ரூபாய்க் கூறு எந்தக் கடையில் எத்தனை கிராம் என்று வீட்டில் வந்து நிறுத்துப் பார்த்தால், இரண்டு மூன்று வாரத்திலேயே எந்தக் கடையில் வாங்கலாம் என்று தெரிந்துவிடும்.

பட்டியல் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பாருங்கள். மூடியைத் திறக்காமல் நினைவிலிருந்து எழுதும் பட்டியலில் கடுகும் சோம்பும் இரண்டு தடவை வந்துவிடும்.

3. ரேஷனை முதலில் வாங்குங்கள், முழுதாக வாங்குங்கள்

அரிசி இலவசம். மூன்று பேருக்கு மேல் உள்ள சாதாரண அரிசி அட்டைக்குப் பொதுவாக மாதம் 20 கிலோ, மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய் வீதம் நாலு பேருக்கு இரண்டு கிலோ. மாதம் 105 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வெளியில் இதே பருப்பையும் எண்ணெயையும் வாங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பருப்பும் பாமாயிலும் சேர்ந்தாற்போல எல்லா நாளும் இருப்பதில்லை. லோடு வந்த அன்றைக்குப் போகிறவர்களுக்குத்தான் ஒரே நடையில் கிடைக்கும், அதனால் அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். பில் போட்டதும் பதிவு செய்த செல்லுக்கு மெசேஜ் வரும். அங்கேயே நின்று படியுங்கள். வாங்காத பொருள் பில்லில் ஏறியிருந்தால் அப்போதே கேட்டால்தான் உண்டு.

அட்டை இன்னும் ஊரில் இருக்கிறது, மாற்றவில்லை என்பதற்காக வாங்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். தேனி, ராமநாதபுரம் என்று எந்த மாவட்டத்து அட்டையாக இருந்தாலும் கைரேகை வைத்து இங்கேயே வாங்கலாம், தமிழ்நாடு முழுக்க அந்த வசதி இருக்கிறது. ஊரில் அம்மாவோ மாமியாரோ அதே அட்டையில் வாங்கிக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம், அவர்களிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், ரேஷனில் "பிளாஸ்டிக் அரிசி" கலக்கிறார்கள் என்ற வதந்தி. ரேஷன் அரிசியில் கொஞ்சம் நிறம் மாறி, தண்ணீரில் மிதக்கும் சில மணிகள் இருக்கலாம். அது அரிசி மாவில் இரும்புச் சத்து, போலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி; நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்தது. அதைப் பொறுக்கி எறிய வேண்டாம், கழுவும்போது வழித்துக் கொட்டவும் வேண்டாம்.

வாசம் பிடிக்கவில்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு தடவை அலசி, அரை மணி நேரம் ஊறவைத்து ஆக்குங்கள். வடித்தால் கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடியுங்கள். இட்லிக்கும் இதே புழுங்கலரிசி ஆகும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். மாவை வீட்டில் ஆட்டி முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளிப்பு ஏறிய பிறகு வெங்காயம் வதக்கிப் போட்டுப் பணியாரம் என்று கொண்டுபோனால் ஃபிரிட்ஜ் தேவைப்படாது. பாக்கெட் மாவு வாங்குவதை நிறுத்தினாலே வாரம் ஒரு நல்ல தொகை நிற்கும்.

4. பணத்தைப் பிரிக்கும் நாள் சனிக்கிழமை, செலவழிக்கும் நாள் வேறு

ஆயிரத்தை இப்படிப் பிரிக்கிறேன்: பால் 140, முட்டை 95, பருப்பு பயறு 150, எண்ணெய் 90, காய் கீரை 250, மற்ற மளிகை 150, ரேஷன் பங்கு 25, சீசன் உண்டியல் (புளி, மிளகாய் போன்றவற்றை அதது வரும் நேரத்தில் மொத்தமாக வாங்கச் சேர்ப்பது) 60, கையிருப்பு 40.

சம்பளம் வந்த ராத்திரியே கவர் கவராகப் போட்டுவிடுங்கள், ஆனால் அன்றைக்குக் கடைக்குப் போகாதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஊரே கடைவீதியில் நிற்கும். பேரம் படியாது, பொறுக்கி எடுக்க விட மாட்டார்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போனால் கவர் கிழிந்த மாதிரிதான்.

மாதச் சம்பளக்காரர்கள் மளிகைப் பணத்தை நாலால் வகுப்பார்கள். அது தப்பு. மாதம் என்பது நாலு வாரமும் இரண்டு மூன்று நாளும். அந்த இரண்டு மூன்று நாள்தான் மாசக் கடைசியில் கடன் சொல்ல வைக்கிறது. மொத்தத்தை 30ஆல் வகுத்து ஏழால் பெருக்குங்கள். ரேஷன் பாமாயிலும் அப்படித்தான், ஒரு லிட்டரை முதல் இரண்டு வாரத்தில் பூரி போட்டுத் தீர்த்துவிட்டால் ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சோப்பு, பல்பொடி, துணி பவுடருக்குத் தனிக் கவர். மளிகைப் பில்லில் அதையும் சேர்த்தால் சாப்பாட்டுக்கு எவ்வளவு போகிறது என்பதே தெரியாது, தெரியாததைக் குறைக்கவும் முடியாது.

5. பருப்பும் பயறும்: முதல் செலவு இதுதான்

காய் இல்லாமல் ஒரு நாள் சமாளிக்கலாம். பருப்பு, பயறு இல்லாத வீட்டில் வெறும் ரசமும் ஊறுகாயும்தான், அப்புறம் பசிக்கு வெளியில் பஜ்ஜி வாங்குவார்கள். அதனால்தான் இதை முதலில் வாங்கச் சொல்கிறேன்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 50, 60 கிராம் என்று வைத்தால் நாலு பேருக்கு வாரம் ஒன்றரைக் கிலோ. ரேஷன் துவரம் பருப்பு வாரத்துக்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். மீதியில் எல்லாவற்றையும் துவரையாகவே வாங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. நூறு கிராம் துவரையில் இருக்கும் புரதமும் நூறு கிராம் கொள்ளில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான், 22 கிராம் அளவு. தட்டைப்பயறு, பாசிப்பயறும் அதை ஒட்டியே வரும். விலை மட்டும் ஒன்றல்ல. கடையில் நாலின் விலையையும் கேட்டு எது மலிவோ அதைக் கூடுதலாக எடுங்கள். என் வழக்கம்: துவரை கூடுதலாகக் கால் கிலோ, கொள்ளு 400 கிராம், தட்டைப்பயறு 300, பாசிப்பயறு 300.

"கொள்ளு மாட்டுக்குத்தானே அக்கா போடுவாங்க?" என்று தென்மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் கேட்பார்கள். கொங்கு வீடுகளில் கேட்டுப் பாருங்கள். ராத்திரியே ஊறவைத்துக் குக்கரில் ஆறு ஏழு விசில் விட்டு வேகவைத்தால், வடித்த தண்ணீரில் ரசம். வெந்த கொள்ளில் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், மல்லி வதக்கிச் சேர்த்து ஆட்டினால் கொள்ளுப் பருப்பு. ஒரே வேக்காட்டில் குழம்பும் ரசமும் ஆகிவிட்டது, கேஸும் மிச்சம். ஊறவைக்காமல் வேகவைத்துவிட்டு "கொள்ளு வேகவே இல்லை" என்று சொல்வது புதியவர்களின் வழக்கமான புகார்.

தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு, பாசிப்பயறு கடைசல் என்று மாற்றி மாற்றி வைத்தால் பிள்ளைகள் முகம் சுளிப்பதில்லை. இன்னொன்று அரிசிம்பருப்பு. மூன்று பங்கு அரிசி, ஒரு பங்கு துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி, சீரகம், மிளகு, மஞ்சள், எல்லாம் ஒரே குக்கரில். காய் தேவையில்லை, குழம்பு தேவையில்லை. இதை வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கி வையுங்கள், ஏனென்றால் அன்றைக்குக் கூடையில் காய் இருக்காது.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் சித்திரை வெயிலில் காலையில் வேகவைத்த பருப்பு சாயங்காலம் நுரைத்துவிடும். புளி சேர்த்த குழம்பு தாங்கும், வெறும் பருப்பு தாங்காது. அந்த மாதங்களில் பருப்பைக் காலை ஒரு வேளைக்கு மட்டும் வையுங்கள்.

6. எண்ணெய்

ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் போதும் என்று பார்த்தால் நாலு பேருக்கு மாதம் இரண்டரை லிட்டர் சொச்சம். ஒரு லிட்டர் ரேஷன், ஒன்றரை லிட்டர் வெளியில்.

பாக்கெட்டில் விலைக்கு முன் எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். பக்கத்தில் அதே உயரத்தில் நிற்கும் இன்னொரு பாக்கெட் 800, 850 கிராமாக இருக்கும், பத்து ரூபாய் குறைவு என்று எடுத்துவிடுவோம். விலையைக் கிராமால் வகுத்துப் பார்த்தால் பல சமயம் அதுதான் விலை அதிகம்.

ஊற்றும் கை பெரிது. டின்னிலிருந்து நேராக வாணலிக்கு ஊற்றாமல், வாரத்துக்கு 600 மில்லியைத் தனிப் போசியில் (பாத்திரத்தில்) ஊற்றி வைத்து ஸ்பூனால் எடுங்கள். போசி காலியானால் அந்த வாரத்துக்கு அவ்வளவுதான். பொரிக்கப் பாமாயில், தாளிக்கவும் சட்னிக்கும் கடலெண்ணெய் என்று பிரித்துக்கொண்டால் வாசத்துக்கும் குறைவில்லை.

7. காய்: எங்கே, எத்தனை மணிக்கு, எதை

நாலு பேருக்கு வாரம் ஐந்திலிருந்து ஆறு கிலோ காய் கீரை வேண்டும். 250 ரூபாயை ஆறு கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு நாற்பது ரூபாய் சொச்சம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். பீன்ஸ் எண்பது விற்கிறது என்றால் வாங்கக்கூடாது என்றில்லை, கால் கிலோ வாங்கிவிட்டு அதை ஈடுகட்ட இருபதுக்குள் விற்கும் பூசணியோ சுரையோ கூடையில் இருக்க வேண்டும்.

உழவர் சந்தைதான் முதல் இடம். திருப்பூரில் தெற்கு, வடக்கு என்று இரண்டு இருக்கிறது. ஈரோட்டில் சம்பத் நகர், கோவையில் ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர் என்று ஊருக்கு ஊர் உண்டு. விடியற்காலையில் கூடி முற்பகலில் கலைந்துவிடும். விலைப் பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும், உள்ளே நுழைந்ததும் முதலில் அதைப் படியுங்கள். ஆறு மணிக்குப் போனால் நல்ல காய், பலகை விலை. எட்டரைக்கு மேல் போனால் பொறுக்கல் காய், ஆனால் "மிச்சத்தைத் தூக்கிட்டுப் போக முடியாதுங்க, எடுத்துக்கங்க கண்ணு" என்று கூறு கூறாகக் கொடுத்துவிடுவார்கள். வாடினால் பரவாயில்லாத காயை, அதாவது கத்தரி, தக்காளி, பச்சை மிளகாய், இவற்றைக் கடைசி நேரத்தில் வாங்குங்கள். கீரையையும் வெண்டையையும் அந்த நேரத்தில் வாங்காதீர்கள், வீட்டுக்கு வருவதற்குள் அவை வேலைக்கு ஆகாது.

போகும் செலவையும் கூட்டுங்கள். முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்க நாற்பது ரூபாய்க்கு பெட்ரோல் போட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதில் போய் வந்தால் அந்தச் செலவே கிடையாது.

வாரச் சந்தை கிராமப்பக்கம் இருப்பவர்களுக்குச் சௌகரியம். புஞ்சைப் புளியம்பட்டியில் வியாழக்கிழமை போல ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிழமை. அங்கே சாயங்காலம் இருட்டும் முன் விலை இறங்கும். ஆனால் எல்லாம் கூறு. மேலே நல்லதை வைத்து அடியில் சொத்தையை வைத்திருப்பார்கள், கூறைப் பையில் கொட்டச் சொல்லாமல் நீங்களே ஒவ்வொன்றாக எடுத்துப் போடுங்கள்.

வரத்து அதிகமாகி விலை சரியும் வாரங்கள் வரும். உடுமலை, கிணத்துக்கடவு தக்காளி, மூலனூர், வெள்ளக்கோவில் பக்கத்து முருங்கை, பல்லடம், தொண்டாமுத்தூர் பக்கத்துச் சின்ன வெங்காயம், எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு. அப்போது லைன் வீட்டில் நாலு குடும்பம் சேர்ந்து தக்காளியைப் பெட்டியாக எடுங்கள், ஒரு பெட்டி 14, 15 கிலோ வரும். ஆளுக்கு மூன்றரைக் கிலோ. ஒரு கிலோ சமையலுக்கு, மீதி உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டு எண்ணெய் பிரியும் வரை வதக்கித் தொக்கு. தனியாக ஒரு பெட்டி வாங்கி அடியில் பாதி அழுகவிட்டவர்கள் உண்டு, அதனால்தான் சேர்ந்து வாங்கச் சொல்கிறேன். சின்ன வெங்காயம் ஐந்து கிலோ வாங்கினால் பையை அவிழ்த்துக் காற்றோட்டமாகப் பரப்பி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் வியர்த்து முளை விட்டுவிடும். சின்ன வெங்காயம் தலைக்கு மேல் ஏறும் மாதங்களில் குழம்புக்குப் பெரிய வெங்காயம் போடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

காசு கொடுக்காமல் கிடைக்கும் காயும் இருக்கிறது. முருங்கை மரம் இல்லாத தெரு இந்தப் பக்கம் குறைவு, மரத்துக்காரர்களைக் கேட்டால் கீரையை ஒடித்துக்கொள்ளச் சொல்வார்கள். பீட்ரூட் தழை, முள்ளங்கித் தழை பொரியலுக்கு ஆகும். பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு ஆகும்.

8. வாங்கியதைச் சமைக்கும் வரிசை

இதைச் சொல்லாவிட்டால் ஏழாம் படி வீண். கூடையைக் கொட்டி எது முதலில் கெடும் என்று பிரியுங்கள். வாங்கிய அன்றைக்கும் மறுநாளும் கீரை. அப்புறம் வெண்டை, பீன்ஸ், அவரை. நடு வாரத்தில் கத்தரி, முருங்கை. கடைசி மூன்று நாளுக்குப் பீட்ரூட், உருளை, சேனை, சுரை, பூசணி. பூசணியைக் கீற்றாக வாங்கினால் இரண்டு நாளில் கொழகொழத்துவிடும், முழுசாகச் சின்னக் காயாக வாங்கி வெட்டும் நாள் வரை ஒரு மூலையில் வையுங்கள், அல்லது பக்கத்து வீட்டோடு பாதி பிரியுங்கள்.

புதியவர்கள் பிடித்த காயை முதலில் சமைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு வறுவல், புதன்கிழமை மஞ்சளாகிப்போன கீரையைக் குப்பையில் போடுவது, வியாழக்கிழமை தெருமுனைக் கடையில் இரட்டை விலைக்குக் காய். இது வாரா வாரம் நடக்கிறது.

மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்கு ஒரு வேளை முடிந்தது. மோர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போதும். கேஸ் தீரும் நிலையில் இருந்தால் பச்சைப் புளி ரசம் செய்யுங்கள், அதற்கு அடுப்பே வேண்டாம்: புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை நசுக்கிப் போட்டு, உப்பும் துளி வெல்லமும்.

9. முட்டை, பால், கறி

நாமக்கல்லில் பண்ணை விலை தினமும் அறிவிப்பார்கள், செய்தியில் வரும். கடைக்காரர் அதற்கு மேல் ஐம்பது காசோ ஒரு ரூபாயோ வைத்தால் நியாயம். அதற்கும் மேல் என்றால் முட்டை மண்டியில் 30 முட்டை அட்டையாக வாங்கி இரண்டு வாரம் வையுங்கள். புரட்டாசியில் முட்டை, கோழி இரண்டும் வழக்கமாக இறங்கும், மார்கழிப் பக்கம் முட்டை ஏறும். விரிசல் முட்டை மலிவாகக் கொடுப்பார்கள். அன்றைக்கே முழுசாக வேகவைத்துச் சாப்பிடுவதானால் வாங்கலாம், எடுத்து வைக்கக்கூடாது.

பால், ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய், ஒரு நாளைக்கு ஒன்று. பிள்ளைகளுக்கு முதலில் காய்ச்சி எடுத்துவிட்டு மிச்சத்தில் டீ. இதை மாற்றிச் செய்தால் பால் முழுக்க டீயாகிவிடும்.

கறிக்குத் தனிக் கவர் போடவில்லை, கவனித்திருப்பீர்கள். இரண்டு வாரக் கையிருப்பு 80 ரூபாயோடு ஒரு வார முட்டைக் காசில் பாதியைச் சேர்த்தால் அரைக் கிலோ பிராய்லர் வருகிற நாள் உண்டு, வராத நாளும் உண்டு. எலும்போடு வாங்கிக் குழம்பாக வைத்தால் நாலு பேருக்கு இரண்டு வேளை.

10. சீசன் உண்டியல்

வாரம் 60 என்றால் வருஷத்துக்கு 3,000 ரூபாய்க்கு மேல். இதை எதற்குத் தொடலாம் என்றால், தை மாசியில் புதுக் கொள்ளு, துவரை, கொத்துமல்லி. மாசி பங்குனியில் புதுப் புளி. பங்குனி சித்திரையில் வரமிளகாய். இவை வந்து இறங்கும் நேரத்தில் வாங்கி வெயிலில் நன்றாகக் காயவைத்து வைத்தால் வருஷம் முழுக்க நூறு கிராம் பாக்கெட் வாங்க வேண்டியதில்லை. புளியைக் கொட்டை எடுத்துக் கல்லுப்புப் போட்டுப் பானையில் அமுக்கி வையுங்கள். கொட்டையோடு வாங்கும்போது விலை குறைவாகத் தெரியும். கொட்டையும் ஓடும் எடையில் போகும் என்பதைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

மல்லி, மிளகாயை வறுத்து மில்லில் அரைத்தால் பாக்கெட் பொடியைவிட மலிவு. ஒரே தடவையில் வருஷத்துக்கு அரைத்துவிடாதீர்கள், பொடி வாசம் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

11. பணம் ஒழுகும் இடங்கள்

தெருமுனைக் கடையில் தினம் ஒரு தடவை போய் வாங்குவது முதல் ஓட்டை. ஐந்து ரூபாய்ச் சீரகப் பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று படித்துக் கிலோ விலை போட்டுப் பாருங்கள், அதுக்கப்புறம் வாங்க மாட்டீர்கள். போகும்போதெல்லாம் பிள்ளைக்கு ஒரு பத்து ரூபாய்ப் பாக்கெட்டும் சேர்ந்துவிடும். அந்தப் பத்து ரூபாய்க்குக் கடலை வாங்கி வறுத்து வெல்லம் கலந்து கொடுத்தால் இரண்டு நாளைக்கு வரும்.

இரண்டாவது, நோட்டுக் கணக்கு. அண்ணாச்சி எழுதிவைத்துக் கொடுப்பது பெரிய உதவிதான், அவசரத்துக்கு வேறு யாரும் தர மாட்டார்கள். ஆனால் கடனில் வாங்கும்போது விலை கேட்க வாய் வராது, வேறு கடைக்குப் போகக் கால் வராது. உடம்பு சரியில்லாத வாரத்துக்கு மட்டும் அந்த நோட்டை வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை முதல் வேலையாக அந்தக் கடனை அடைத்துவிடுங்கள்.

12. ஆர்டர் இல்லாத வாரம்

ஆர்டர் குறைந்து கம்பெனியில் மூன்று நாள்தான் வேலை, கையில் 600 ரூபாய்தான் என்றால் எதை வெட்டுவது? பெரும்பாலோர் முதலில் பருப்பைக் குறைத்துவிடுவார்கள், அது கூடாது. நான் சொல்லும் வரிசை: முதலில் உண்டியல், கையிருப்பு இரண்டையும் நிறுத்துங்கள். அடுத்து எண்ணெயில் 30, முட்டையில் 45 குறையுங்கள். மற்ற மளிகையை 80க்கு இறக்குங்கள். டீத்தூள், உப்பு, உளுந்து தவிர எதுவும் வேண்டாம். காய் 120, அதில் பூசணி, சுரை, தக்காளி, மீதிக்கு முருங்கைக்கீரை. பருப்பு 150, பால் 140, இரண்டிலும் கை வைக்காதீர்கள். கூட்டினால் 600 சரியாக வரும், ரேஷனை ஏற்கெனவே வாங்கியிருந்தால்.

வேலை தேடி வெளியில் அலையும் நாளில் மாநகராட்சி அம்மா உணவகம் பக்கத்தில் இருந்தால் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். வெளியில் ஒரு டீயும் வடையும் வாங்கும் காசுக்கு அங்கே ஒரு வேளை வயிறு நிறையும்.

அடுத்த சனிக்கிழமை முழுச் சம்பளம் வந்ததும் குறைத்ததையெல்லாம் ஒரே நாளில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். எண்ணெய், முட்டை, கையிருப்பு என்ற வரிசையில் நிரப்புங்கள், உண்டியலை அதற்கடுத்த வாரம் தொடங்கினால் போதும்.